மாமா போகாத விமானம்

விமானம் ரத்தானால் பயணிக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று எந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பதினான்கு நாளைக்கு முன்பே தகவல் சொல்லிவிட்டார்கள் என்றால் வேறு விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் எது வேண்டுமோ அதை நாம் கேட்கலாம். சொல்லாமலே விட்டார்கள் என்றால் அதற்கு மேல் இழப்பீடும் உண்டு. புயல், கலவரம் மாதிரிக் காரணங்களுக்கு மட்டும் இழப்பீடு கிடையாது. இவ்வளவும் தெரிந்த நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. சட்டம் படிக்கும்போது நுகர்வோர் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். கூடப் படித்தவர்கள் எடை குறைந்த பிஸ்கட் பாக்கெட், திரிந்துபோன பால் என்று எழுதினார்கள். நான் விமானப் பயணிகளை எடுத்துக்கொண்டேன். வகுப்பில் அதைப் படித்துக்காட்டினார்கள். அன்றிலிருந்து அது என் சொந்த விஷயம் ஆகிவிட்டது. யார் ஊருக்குப் போனாலும், வந்தாலும், நானாகப் போய் அவர்களுடைய உரிமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் படிப்பு முதல் தடவை பயன்பட்டபோதுதான் என் அக்கா வீட்டுக்காரருக்கு வேலை போனது.

அக்காவும் மாமாவும் சிதம்பரத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் கடலூர் முதுநகரில். மாமா மஸ்கட்டுக்கு அப்பால் ஓர் ஆலையில் வெல்டர். பதினோரு வருஷம். இரும்புத் தகடு ஒட்டுவதில் ஆரம்பித்து, எண்ணெய் போகும் குழாய்களை ஒட்டுகிற முதல்தர ஆளாக வந்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. இந்தத் தடவை கிளம்பும்போதே அவருடைய மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: லீவு முடிகிற ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுன் ஆரம்பம். ஆலையை மொத்தமாக நிறுத்திவைத்துப் பழுது பார்க்கிற மூன்று வாரம் அது. சனிக்கிழமை வந்து இறங்கிவிட வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் வேறு ஆள்.

அதனால் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி விமானத்துக்கு டிக்கெட். அக்காதான் சிதம்பரத்தில் ஒரு டிராவல்ஸ் கடைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள்.

வெள்ளி விடியற்காலை வேன் சிதம்பரத்தில் கிளம்பி முதுநகர் வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. அம்மா கோயில் வாசலில் வேனை நிறுத்தச் சொல்லி, மாதா சொரூபத்துக்கு முன்னால் மாமாவை ஒரு நிமிஷம் நிற்கவைத்து, நெற்றியில் சிலுவை போட்டார். பத்தரைக்கு மீனம்பாக்கம். பயணிகள் மட்டுமே உள்ளே போக முடியும் என்பதால் வாசலிலேயே கட்டிப்பிடித்தல், அழுகை, பிள்ளைக்கு முத்தம் எல்லாம் முடிந்தது. மாமா டிராலியைத் தள்ளிக்கொண்டு வரிசையில் போய் நின்றார். நாங்கள் கை காட்டினோம். கை காட்டிக்கொண்டே இருக்கும்போது அவர் டிராலியைத் திருப்பி எங்களை நோக்கி வந்தார்.

"ஃபிளைட்டே இல்லங்கிறான் மச்சான்."

"இல்லன்னா?"

"கேன்சலாம். வெளிய கவுன்டர் இருக்கு, அங்க போயி கேளுன்றான்."

அம்மாவையும் அக்காவையும் பிள்ளையையும் அப்பாவோடு வேனில் உட்காரச் சொல்லிவிட்டு, மாமாவும் நானும் கவுன்டருக்குப் போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வயதில் ஒரு பெண். டிக்கெட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது கேன்சல் ஆயி ரொம்ப நாள் ஆச்சு சார். மெசேஜ் அனுப்பியிருக்கோமே. வர்ற வியாழக்கிழமை ஃபிளைட்ல மாத்தித் தரட்டுமா? இல்ல, ரீஃபண்ட் போட்டுக்குறீங்களா?"

மெசேஜ் எதுவும் வரவில்லை என்றேன். மாமா தன் போனை எடுத்துக் காட்டினார். எந்த எண்ணுக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டேன். கடை மூலமாகப் போட்ட டிக்கெட், முழு எண் இங்கே தெரியாது என்றார். உடனே கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரர் நிதானமாக, "வீட்டுல குடுத்த நம்பர்தான் தம்பி போட்டேன், எங்க நம்பர் போடறதில்ல" என்றார். வீட்டில் கொடுத்த எண் என்றால் மாமாவின் எண் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். வேனில் இருந்த அக்காவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஐம்பது அடி தூரம்தான். கேட்கத் தோன்றவில்லை. எனக்குப் பேச வேண்டியிருந்தது.

மாமா சும்மா நிற்கவில்லை. பக்கத்திலிருந்த வேறு நிறுவனத்தின் கவுன்டருக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"மச்சான், நாலு மணிக்கு ஒரு ஃபிளைட்டு இருக்கு. சீட்டும் இருக்காம். ரேட்டுதான் ஜாஸ்தி. உங்க அக்கா செயின இங்கயே எங்கனா அடகு வெச்சிட்டு டிக்கெட்டு எடுத்துரலாமா?"

"வேணாம் மாமா."

"ஏன்டா?"

"நாம காசு போட்டு வாங்கிட்டா நாமளே வேற வழி பாத்துக்கிட்டோம்னு ஆயிடும். அவுங்க சொல்லாம கேன்சல் பண்ணியிருக்காங்க. வேற கம்பெனி ஃபிளைட்ல போட்டாவது அவுங்கதான் அனுப்பணும்."

"ரூல்ஸ்ல இருக்கா?"

"இருக்கு மாமா."

அவர் டிராலியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினார். "அப்பப் பேசு" என்றார்.

பேசினேன். அந்தப் பெண்ணிடம் பேசினேன், அவர் உள்ளேயிருந்து கூட்டிவந்த மேலாளரிடம் பேசினேன். விதியை ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொன்னேன். பின்னால் நின்றிருந்த ஒருவர் "கரெக்டா கேக்குறாருப்பா" என்றார். அது எனக்குக் கேட்டது. கேட்டதும் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசினேன். மேலாளர் மரியாதையாகத் தலையாட்டினார், தண்ணீர் கொடுத்தார், புகாரை எழுதி வாங்கிக்கொண்டார், முத்திரை வைத்த நகலைத் தந்தார். எல்லாம் முடிந்து திரும்பியபோது மாமா டிராலிமேல் உட்கார்ந்திருந்தார்.

"அந்த நாலு மணி ஃபிளைட்டு மூடிட்டாங்க மச்சான்" என்றார்.

கையில் முத்திரை வைத்த நகல் இருந்தது. அதை அவரிடம் காட்டினேன். அவர் வாங்கிப் படித்தார்.

திரும்பும் வழியில் திண்டிவனத்துக்கு முன்னால் டீக்கு நிறுத்தியபோது மாமா தனியாகப் போய் மேனேஜருக்குப் போன் செய்தார். இந்தியில் பேசினார். நடுவில் நிறைய "சார், சார்" வந்தது. வந்து சொன்னது இதுதான்: மேனேஜர் நம்பவில்லை. லீவை நீட்டிக்க எல்லாரும் சொல்கிற கதை இது என்கிறார். விமான நிறுவனத்திடமிருந்து கடிதம் வேண்டும். எப்போது ரத்தானது, எப்போது பயணிக்குச் சொன்னார்கள், இரண்டும் அதில் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில்தான் சொன்னார்கள் என்று இருந்தால் வேலையை வைத்திருக்கிறேன். கடிதத்தைப் பார்க்கும்வரை வர வேண்டாம்.

"லெட்டர்தானே மாமா, நான் வாங்கித் தரேன்" என்றேன். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். வேலை இன்னும் கைவிட்டுப் போகவில்லை, அதைத் திருப்பிக் கொண்டுவருவது என் கையில் இருக்கிறது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில் வந்தது. அரசாங்கத்தின் புகார் தளத்தில் பதிவு செய்தேன். மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். கோர்ட்டில் வாய்தா வாங்க நிற்கிற நேரம் முழுக்க இதையே தட்டிக்கொண்டிருந்தேன். சீனியர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "உனக்கு வாய்ச்ச கட்சிக்காரன் குடுத்து வெச்சவன்யா, ஃபீசே இல்லாம இவ்ளோ எழுதுற" என்றார்.

மாமாவுக்கு அந்த மூன்று வாரம் வேறு மாதிரிப் போனது. லீவில் வந்தவரை ஊர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். முதல் வாரம் "எப்ப வந்தீங்க?" அப்புறம் "எப்போ பயணம்?" போகவேண்டிய தேதி தாண்டிவிட்டால் "இன்னும் போவலையா?" காய்கறிக் கடையில், பிள்ளையைப் பள்ளியில் விடுகிற இடத்தில், ஞாயிறு பூசை முடிந்து வாசலில், எல்லா இடத்திலும் அது. முதலில் ஃபிளைட் கேன்சல் என்று விளக்கினார். பிறகு "அடுத்த வாரம்" என்றார். பிறகு பூசைக்கு, நன்மை என்று அப்பம் கொடுக்கும் நேரத்தில் வந்து கடைசி வரிசையில் நின்று, கடைசிப் பாட்டுக்கு முன்னால் கிளம்ப ஆரம்பித்தார். அங்கே ஷட்டவுன் நடந்துகொண்டிருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் அனுப்பும் படங்களை அக்காவுக்குத் தெரியாமல் பார்ப்பார். அவருடைய இடத்தில் ஓர் ஆந்திரா ஆள் நின்று ஒட்டிக்கொண்டிருக்கிற படமும் வந்திருந்தது. "ஒட்டு நல்லாத்தான் இருக்கு" என்று என்னிடம் காட்டினார்.

கடிதம் ஒரு புதன்கிழமை வந்தது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் இருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் போனில் மின்னஞ்சல் வந்து விழுந்தது. இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் மாமாவின் பெயர், டிக்கெட் எண், விமானம் நிர்வாகக் காரணங்களால் ரத்தானது, வருந்துகிறோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்கும்படி "ஆங்" என்றேன். இரண்டாம் பக்கம் போனேன். பயண நாளுக்குப் பத்தொன்பது நாள் முன்னதாக, முன்பதிவில் தந்த கைபேசி எண்ணுக்குத் தகவல் அனுப்பப்பட்டுவிட்டது. ஆகவே விதிப்படி இழப்பீடு பொருந்தாது. எண்ணின் கடைசி இலக்கங்கள் கொடுக்கப்பட்டிருந்தன.

அவை என் எண்ணின் இலக்கங்கள்.

எங்கள் குடும்பத்தில் எந்தப் பாரத்திலும் என் எண்ணைத்தான் எழுதுவார்கள். படித்தவன் பார்த்துக்கொள்வான் என்று. அம்மாவின் கேஸ் சிலிண்டர், அப்பாவின் பென்ஷன், அக்கா மகளின் பள்ளிக்கூடம், பெரியம்மாவின் ரேஷன் கார்டு, சித்தப்பாவின் வங்கிக் கணக்கு, எதிர்வீட்டு மின்கட்டணம்கூட. யாரோ எங்கோ ஒரு மேசை முன்னால் நிற்பார்கள், எனக்குப் போன் வரும்: "டேய், ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு." நான் சொல்வேன். அக்காவுக்கு என் எண்ணை எழுதுவது தன் வீட்டு முகவரியை எழுதுவது மாதிரி. எழுதியதே நினைவில் இருக்காது. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது செய்திகள் வந்து விழும். கொஞ்ச காலமாக நான் கம்பெனிகள் அனுப்புவதைத் திறப்பதே இல்லை. சத்தம் வராமல் அடைத்துவைத்திருந்தேன்.

பஸ்ஸிலேயே தேடினேன். மாமாவின் விமானம் ஒரு சிலிண்டர் பதிவுக்கும் ஒரு ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்கும் நடுவில் இருந்தது. பத்தொன்பது நாள் முன்னால், சரியான தேதி, சரியான நேரம். வேறு விமானத்துக்கு மாற்றிக்கொள்ள ஓர் இணைப்பும் கொடுத்திருந்தார்கள். செய்தி வந்த அன்றே மாற்றியிருந்தால், அந்த வெள்ளிக்கு முந்தின வியாழக்கிழமையே மாமா போய் இறங்கியிருப்பார்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் மாமா வண்டியோடு நின்றார். கடிதம் வந்துவிட்டது என்று அவசரப்பட்டுச் சொல்லியிருந்தேன். முதல் பக்கத்தைப் படித்ததுமே செய்தி அனுப்பிவிட்டேன். இரண்டாம் பக்கம் படிப்பதற்குள் அவர் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாதி படித்ததுமே சொல்லிவிடுவதுதான் என் வழக்கம்.

"குடு, பாப்போம்" என்றார்.

டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து முதலில் வாயால் சொன்னேன். மெசேஜ் எனக்குத்தான் வந்தது, நான் பார்க்கவில்லை என்று. அவர் டீயைக் குடித்து முடித்தார். கண்ணாடி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுத்து, அடியில் இருந்ததையும் குடித்தார்.

"உன் நம்பரா போட்டா அவ?"

"ஆமா மாமா."

"ம்."

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். பஸ்ஸில் கடைசி அரைமணி நேரம் யோசித்துவைத்தது. "மாமா, ஃபர்ஸ்ட் பக்கத்த மட்டும் அனுப்பிடலாம். கேன்சல் ஆச்சுன்னு அதுல இருக்கு. எப்ப சொன்னாங்கன்றது ரெண்டாவது பக்கத்துலதான். கேட்டா அவ்ளோதான் வந்துச்சுன்னு சொல்லிக்கலாம்."

அவர் சிரித்தார். மூன்று வாரத்தில் முதல் தடவை. "வக்கீலு மச்சான், அவன் தேதி கேட்டுத்தான லெட்டரே வாங்கியாரச் சொன்னான்? தேதி இல்லாத பக்கத்த அனுப்புனா அங்க இருக்கறவன் என்ன கேனையனா?"

"அதுக்கில்ல மாமா..."

"அந்த மேனேஜரு என்னைய பத்து வருஷமா பாக்குறான். ஒட்டுல காத்து ஏறி ஓட்டை உழுந்தா நானே போயி சொல்லி அறுத்துட்டு மறுபடி ஒட்டுவேன். அதுக்குத்தான் மொதல் தரம் குடுத்தான். இப்பப் போயி..." என் போனை வாங்கி இரண்டு பக்கத்தையும் தன் எண்ணுக்கு அனுப்பிக்கொண்டார். அங்கேயே உட்கார்ந்து மேனேஜருக்கு அனுப்பினார். கூடவே ஒரு குரல்செய்தி. எனக்கு இந்தி அரைகுறைதான். செய்தி என் மச்சினன் போனுக்கு வந்தது, வீட்டில் யாரும் பார்க்கவில்லை, தப்பு எங்களுடையது என்கிற அளவுக்குப் புரிந்தது. "எங்களுடையது" என்றுதான் சொன்னார்.

"அந்த நாலு மணி ஃபிளைட்டு" என்று ஆரம்பித்தேன்.

"எடுக்காதன்னு நீ சொன்ன. கேட்டுக்கிட்டு நான் ஒக்காந்தேன். எனக்கென்னா புத்தி எங்க போச்சு? உடு."

நான் அன்று அக்கா வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

பதில் இரண்டு நாளில் வந்தது. ஷட்டவுன் முடிகிறது, ஆள் தேவையில்லை, விசாவை ரத்து செய்கிறோம், சேரவேண்டியதைக் கணக்கில் போடுகிறோம். கடைசியில் மேனேஜர் தன் சொந்தக் குரலில், உண்மையைச் சொன்னதற்கு நன்றி, வேறு எங்காவது என் பெயரைச் சொல்லிக்கொள் என்றார்.

சனிக்கிழமை அம்மா என்னைச் சிதம்பரத்துக்கு விரட்டினார். அக்கா அடுப்படியில் இருந்தாள். மாமா எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். நான் வாசற்படியில் நின்றேன். அவள் திரும்பவில்லை.

"அக்கா."

"நம்பர் குடுத்தது நான். அது என் தப்பு, ஒத்துக்கறேன்" என்றாள், தோசைக்கல்லைப் பார்த்தபடி. "ஆனா என் கழுத்துல செயின் இருந்துச்சு. வேன்ல ஒக்காந்திருந்தேன். வந்து ஒரு வார்த்த கேட்டியாடா? நான் கழட்டிக் குடுத்திருக்க மாட்டேன்?"

"அக்கா, ரூல்படி..."

"உன் ரூல கோர்ட்டுல கொண்டு போயி வையி. என் வூட்ல வைக்காத."

தோசை வந்தது. சாப்பிட்டேன். இப்போதும் போனால் தோசை வரும். பேச்சுதான் பாதியில் நிற்கிறது. குறைதீர்ப்புப் பிரிவுக்குப் பதில் எழுதுவது எனக்குத் தெரியும், இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

மாமா இப்போது முதுநகரில் துறைமுகம் பக்கம் படகு பழுது பார்க்கிற ஒரு பட்டறைக்கு வருகிறார். தினக்கூலி. காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் போகிறார். மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கை கழுவும்போது, துருப்பிடித்த தகட்டை ஒட்டுவதும் நல்ல குழாயை ஒட்டுவதும் ஒன்றா என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்வார். அம்மாவுக்குப் புரியாது, இன்னொரு கரண்டி சோறு வைப்பார்.

போன மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "மெட்ராசுல ஒரு ஏஜென்சில டெஸ்ட்டு வெக்கிறான். கத்தாருக்கு. செவ்வாக்கெழமை. கூட வா மச்சான், காயிதமெல்லாம் இங்கிலீசுல இருக்கும்."

"வரேன் மாமா."

"வா. ஆனா வாயத் தொறக்காத."

போனேன். அம்பத்தூரில் ஒரு தகரக் கொட்டகை. ஐம்பது, அறுபது பேர் ஆளுக்கொரு ஹெல்மெட்டோடு வெயிலில் நின்றார்கள். மாமாவை எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டு இரண்டு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். ஆறு மணி நேரம். ஏன் இவ்வளவு தாமதம் என்று மேசையில் இருந்தவரைக் கேட்க இரண்டு தடவை எழுந்துவிட்டேன். உட்கார்ந்தேன். காகிதங்களைப் படித்தேன். ஒப்பந்தத்தில் ஒரு வரி பிடிக்கவில்லை. அதை மட்டும் பென்சிலால் கோடிட்டு மாமாவிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "தெரியும், எல்லா எடத்துலயும் அப்டித்தான்" என்று கையெழுத்துப் போட்டார்.

நான்கு மணிக்கு வெளியே வந்தார். சட்டைக்கையில் கருகல் வாசனை.

"பாஸு. ஆனா ரெண்டாம் தரம்தான் குடுத்திருக்கான். அங்க போயி மறுபடியும் ஏறிக்கணும்."

"எப்ப மாமா பயணம்?"

"விசா வரணும். ரெண்டு மாசம்ன்றான். மூணாவும்."

பஸ் ஸ்டாப் வரை நடந்தோம். அவர் அக்காவுக்குப் போன் போட்டார். "பாஸு" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஆங், அவனும் கூடத்தான் இருக்கான்" என்றார். போனை என்னிடம் நீட்டவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டார். டவுன் பஸ்ஸில் போய் மாறி ஏறிய கடலூர் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. மாமா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, தாம்பரம் வருவதற்குள் தூங்கிப்போனார்.